கிரான் டுரிஸ்மோவா, ஃபோர்ஸாவா: கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு விடை தேடிய அனுபவம்

வீட்டில் கன்சோல் (டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி) வைத்துக் கார்ப் பந்தயம் ஆட ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, சோனியின் பிளேஸ்டேஷனில் ஓடும் கிரான் டுரிஸ்மோ நல்லதா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஓடும் ஃபோர்ஸா நல்லதா என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். இரண்டையும் அருகருகே ஓடவிட்டுக் காட்டும் கடை கிருஷ்ணகிரியிலும் கிடைக்கவில்லை, தர்மபுரியிலும் கிடைக்கவில்லை. ஓசூரில் வேலை செய்யும் நண்பர்களிடம் விசாரித்தால், யூடியூபில் பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்தேன், இரவு இரவாகப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டுக் காணொளிகளில் இருந்தவை எல்லாம் உண்மைதான், ஆனால் பணம் போடுகிறவன் அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி அவற்றில் இல்லை. அந்த மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வதற்குள் ஏறத்தாழ ₹28,000 என் கையைவிட்டுப் போயிற்று. தொழிற்சாலை போனஸைச் சேர்த்து வைத்து வாங்கியவனுக்கு அது சிறிய தொகை அன்று. இதே வழியில் அடுத்து வருகிறவருக்காவது அது மிச்சமாகட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். 2023 அக்டோபரில் வெளியான ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டின் முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன். காரின் பெயின்ட்டில் எதிரே வரும் மரமும் வானமும் ஓடுவது, டயர் ஓரத்தில் புழுதி படிவது எல்லாம் கண்ணை விட்டு அகலவில்லை. இந்தியாவுக்கு 2020 நவம்பரில் வந்தபோது சீரிஸ் எஸ் விலை ₹34,990, சீரிஸ் எக்ஸ் விலை ₹49,990. விளையாட்டு ஒன்றுதானே, விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் விற்றவர். விளையாட்டின் பெயர் ஒன்றுதான், திரையில் வருவது ஒன்றல்ல என்பதை அவர் சொல்லவில்லை. சீரிஸ் எக்ஸில் 4கே என்ற மிகக் கூர்மையான பட அளவில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம் ஓடும் இந்த விளையாட்டு, சீரிஸ் எஸ்ஸில் 60 பிரேம் வேண்டுமென்றால் கூர்மை குறைந்த 1080பி அளவுக்கு இறங்கும். படம் சற்றுக் கூர்மையாக 1440பி அளவில் வேண்டுமென்றால் 30 பிரேமுக்கு இறங்கும். முன்னோட்டத்தில் பார்த்த படமும் என் வீட்டுத் திரையில் தெரிந்த படமும் அண்ணன் தம்பி போலக்கூட இல்லை. முதல் நாள் இரவு நெடுநேரம் அமைப்புகளுக்குள் எதையோ மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்ததும் கன்சோலை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

இந்த 60, 30 என்ற எண்களை அழகு சம்பந்தப்பட்டவை என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 55 மீட்டருக்கும் சற்று அதிகமாகக் கடக்கும். நொடிக்கு 60 படம் வந்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கார் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்திருக்கும். 30 படம் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகர்ந்திருக்கும். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து ஓட்டுகிற விளையாட்டில் இந்த ஒரு மீட்டர் பெரிய விஷயம். அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும், எந்தக் கன்சோலில் எடுத்தாலும், 60 பிரேம் தரும் அமைப்பிலேயே ஓட்டுங்கள். 30 பிரேம் அமைப்பு புகைப்படம் எடுக்கவும் ரீப்ளே (ஓட்டி முடித்த பந்தயத்தின் மறுகாட்சி) பார்க்கவும் போதும்.

அடுத்த அடி டிவியில் விழுந்தது. கன்சோலுக்காகவே 55 அங்குல டிவி ஒன்றைத் தவணையில் வாங்கியிருந்தேன். அட்டைப் பெட்டியில் 120 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது படத்தை மென்மையாகக் காட்ட டிவி தானே இட்டு நிரப்பும் கணக்கு. திரையின் உண்மையான வேகம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம்தான். அது போனால் போகிறது. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் திருப்பினால் கார் திரும்புவதற்குள் ஒரு சிறு தயக்கம் இருந்தது, அதுதான் என்னை உலுக்கியது. காரின் அசைவைக் கணக்கிடும் ஃபோர்ஸாவின் இயற்பியலே இப்படித்தான் போலும் என்று பல வாரம் நம்பினேன். உண்மையில் அது டிவியின் தாமதம். கேம் மோடு (விளையாடும்போது தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) இல்லாத டிவிகள், அல்லது கேம் மோடை அணைத்து வைத்த டிவிகள், படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் எடுத்துக்கொள்வது உண்டு. மேலே சொன்ன கணக்குப்படி அதற்குள் கார் ஐந்து மீட்டருக்கு மேல் போய்விடும். நல்ல கேம் மோடு உள்ள டிவியில் இந்தத் தாமதம் ஐந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. என்னுடைய டிவியில் அந்த வசதியே இல்லை. தெரிந்தவர் ஒருவருக்கு ₹12,000 நட்டத்தில் கொடுத்துவிட்டு, கேம் மோடு உள்ள 43 அங்குல டிவிக்கு மாறினேன். திரை சிறிதானது, ஆனால் கார் என் கைக்கு வந்தது. டிவி வாங்கப் போகும்போது கடையிலேயே ரிமோட்டை வாங்கி, படத்துக்கான அமைப்பில் கேம் மோடு என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இயக்கத்தை மென்மையாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு விளையாட்டு நிஜமாக இருக்கிறது, மற்றொன்று இல்லை என்று தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

ஸ்டீயரிங் விஷயம் இன்னும் கசப்பானது. பெங்களூரில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பக்கம் போய்வந்த ஒருவர் மூலம், பெடலோடு சேர்ந்த பழைய ஸ்டீயரிங் ஒன்று கிடைத்தது. எல்லாக் கன்சோலிலும் வேலை செய்யும் என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மாட்டினால் எக்ஸ்பாக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டீயரிங்குகள் கன்சோல் நிறுவனத்தின் உரிமம் பெற்றே வேலை செய்கின்றன. ஸ்டீயரிங் செய்யும் லாஜிடெக் நிறுவனத்தின் ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. உள்ளே கிட்டத்தட்ட அதே பொருள்தான் என்றாலும் எக்ஸ்பாக்ஸுக்கு ஜி920 தான் வேண்டும். ஜி923 என்ற பெயரிலேயே பிளேஸ்டேஷனுக்கு ஒன்றும் எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு வகை விற்கிறார்கள். த்ரஸ்ட்மாஸ்டரில் டி300 ஆர்எஸ் பிளேஸ்டேஷனுக்கு, டிஎம்எக்ஸ் எக்ஸ்பாக்ஸுக்கு. ஸ்டீயரிங்கின் நடுவிலும் பொத்தான்களிலும் இருக்கும் குறிகளைப் பார்த்தாலே எதற்கு உரியது என்று தெரிந்துவிடும். முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் இருந்தால் அது பிளேஸ்டேஷனுக்கானது. என்னிடம் வந்தது அந்த வகை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டு, ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் காட்டும் சிறு கருவி இருக்கிறது என்றார். ₹4,000 கொடுத்து அதையும் வாங்கினேன். கார் திரும்பியது, ஆனால் சாலையின் பிடிப்பை உணர்த்த ஸ்டீயரிங் கையைத் தள்ளும் எதிர்விசை சிறிதும் வரவில்லை. எதிர்விசை இல்லாத ஸ்டீயரிங்கைவிடக் கன்ட்ரோலரே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு கன்சோலை மாற்றினேன். சீரிஸ் எஸ்ஸை ₹9,000 நட்டத்துக்கு விற்று, பழைய பிளேஸ்டேஷன் 5 ஒன்றை வாங்கினேன். அதோடு கிரான் டுரிஸ்மோ 7 உட்பட நான்கைந்து விளையாட்டுகளை ₹3,500-க்குப் போட்டுத் தருகிறேன் என்றார் விற்றவர். அவை வேறொருவருடைய கணக்கில் வாங்கியவை. சில வாரங்களில் அவற்றின் மேல் பூட்டுக் குறி விழுந்து, திறக்காமல் போயின, விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. பழைய விளையாட்டு வேண்டுமென்றால் வட்டாகவே வாங்குங்கள், வட்டு போடும் வசதி உள்ள கன்சோலாக வாங்குங்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று முந்தைய கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட் வட்டை யாராவது நீட்டினால், அதன் இணையச் சேவை 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7-உம் 2021 செப்டம்பரில் இணையக் கடையிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. கார் நிறுவனங்களின் உரிமக் காலம் முடிந்தால் பந்தய விளையாட்டுகளுக்கு இது நேர்கிறது.

இணையத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு விளையாட்டுகளும் 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிப்பவை. நாளைக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் 100 ஜிபி இறக்க 50 நாள் ஆகும். 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் ஐந்தரை மணி நேரத்தில் முடியும். இறக்கியதோடு வேலை முடிவதும் இல்லை. கிரான் டுரிஸ்மோ 7-இன் பெரும்பகுதியும் ஃபோர்ஸாவின் முதன்மைப் பந்தயத் தொடரும் இணையம் இல்லாமல் திறக்காதபடியே அமைக்கப்பட்டவை. 2022 மார்ச்சில் கிரான் டுரிஸ்மோ 7-இன் சேவையகம் 30 மணி நேரத்துக்கும் மேலாக நின்றபோது உலகம் முழுவதும் வட்டு வைத்திருந்தவர்களும் ஆட முடியாமல் இருந்தார்கள். கோடை மழைக்கு முன் காற்றடித்தாலே கேபிள் அறுந்துபோகும் கிராமத்தில் இருக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஓசூரில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அதற்கு உரிய ஸ்டீயரிங்கும் இருந்தன. விடுமுறை நாள் ஒன்றில் என் கன்சோலையும் ஸ்டீயரிங்கையும் பையில் கட்டிக்கொண்டு பேருந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே டிவியில், ஒரே கேம் மோடில், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒப்பிடுவதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளாவிட்டால் பேச்சு முடியவே முடியாது என்பதால், பெல்ஜியத்தின் ஸ்பா பிராங்கோர்ஷாம்ப் தடத்தைத் தேர்ந்தெடுத்தோம். 7.004 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டருக்கும் மேலான ஏற்ற இறக்கம், மழைக்குப் பெயர் பெற்ற காட்டுப் பகுதி. இரண்டிலும் அது உண்டு. காருக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5, கிரான் டுரிஸ்மோவில் ரோட்ஸ்டர் என்ற பெயரில் இருப்பது. ஏறக்குறைய ஒரு டன் எடை, பின்சக்கர இயக்கம், பெரிய எஞ்சின் கிடையாது. விலை உயர்ந்த பந்தயக் கார்களின் அகன்ற டயரும் இறக்கைகளும் ஓட்டுகிறவரின் பிழைகளை மறைத்துவிடும். எளிய காரில்தான் விளையாட்டின் இயற்பியல் வெளியே தெரியும். டயர் வகையும் முக்கியம். கிரான் டுரிஸ்மோவில் சாதாரணக் காருக்குக்கூடப் பந்தய டயர் மாட்டலாம். மாட்டினால் சாலையில் ஒட்டிக்கொண்டு ஓடும், பிறகு நிஜமாக இல்லை என்று குறை சொல்வதில் பொருள் இல்லை. உதவி வசதிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் இரண்டிலும் அணைத்தோம்.

படத்தைப் பொறுத்தவரை என் முடிவு இது. பகல் வெயிலில், வானத்தின் நிறத்தில், பெயின்ட்டின் மேல் விழும் ஒளியில் கிரான் டுரிஸ்மோ 7 முந்தி நிற்கிறது. மாலை நேரத்தில் நம் பர்கூர்ப் பக்கத்துக் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது சாலையில் ஒரு மங்கல் படியுமே, அந்த மங்கலை அதில் கண்டேன். ஃபோர்ஸாவில் நிறங்கள் சற்றுத் தூக்கலாக இருக்கின்றன. ஆனால் தடத்தைச் சுற்றிய காடு, வேலி, கூட்டம் எல்லாம் அடர்த்தியாக இருக்கின்றன. கிரான் டுரிஸ்மோவில் காரிலிருந்து கண்ணை எடுத்து மரங்களைப் பார்த்தால் சில இடங்களில் தட்டையாகத் தெரிகிறது. சேதத்தையும் அழுக்கையும் காட்டுவதில் ஃபோர்ஸாவே மேல். உரசினால் உரசிய இடத்தில் பெயின்ட் போகிறது. ஒளி விழுந்து எதிரொளிப்பதைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் பற்றி ஒரு விளக்கம் தேவை. சாதாரண பிளேஸ்டேஷன் 5-இல் கிரான் டுரிஸ்மோ 7-இன் ரே டிரேசிங் ரீப்ளேயிலும் காரை நிறுத்திப் பார்க்கும் இடங்களிலும் மட்டுமே வரும், ஓட்டும்போது வராது. சீரிஸ் எக்ஸில் ஃபோர்ஸா அதை ஓட்டும்போதே 60 பிரேமில் தரும் அமைப்பை வைத்திருக்கிறது. இணையத்தில் உலவும் ஒப்பீட்டுப் படங்களில் பெரும்பாலானவை ரீப்ளேயிலிருந்து எடுத்தவை. ரீப்ளேயைப் பார்த்துக் கன்சோல் வாங்காதீர்கள். காரின் உள்ளிருந்து, ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிறபடி ஒரு முழு லேப் (தடத்தின் ஒரு சுற்று) ஓடும் காணொளியை மட்டும் பாருங்கள்.

மழையில்தான் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. ஃபோர்ஸாவில் எல்லாத் தடங்களிலும் பொழுதும் வானிலையும் மாறும். தடத்தின் வெப்பமும், டயர் ரப்பர் படிவதும் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கும். கிரான் டுரிஸ்மோவில் மழை எல்லாத் தடங்களிலும் வராது. ஆனால் வரும் இடங்களில், கார்கள் ஓடி ஓடி அவை போகும் பாதை முதலில் உலர்வதும், ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதும், அந்தத் தேக்கத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் என்னை வியக்க வைத்தன. மழை நாளில் சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த இழுப்பு புதிதாக இருக்காது.

ஓட்டும் உணர்வில் ஃபோர்ஸா இந்த முறை நிறைய உழைத்திருக்கிறது. முந்தைய பதிப்பில் ஒரு டயர் சாலையைத் தொடுவதை ஒரே புள்ளியாக, நொடிக்கு 60 முறை கணக்கிட்டதாகவும், இதில் எட்டுப் புள்ளிகளாக நொடிக்கு 360 முறை கணக்கிடுவதாகவும் அதை உருவாக்கிய டர்ன் 10 நிறுவனமே சொல்லியிருக்கிறது. தடத்தின் ஓரக் கட்டையில் ஏறும்போது அது தெரிகிறது. முன்புபோல் கார் துள்ளி எறியப்படுவதில்லை. ஆனால் ஸ்டீயரிங்கில் கைக்கு வரும் செய்தியில் கிரான் டுரிஸ்மோவே தெளிவாகப் பேசுகிறது. ஸ்பாவின் பூஹோன் வளைவு இறக்கத்தில் இடப்பக்கம் திரும்பும் வேகமான வளைவு. அங்கே முன்சக்கரம் பிடிப்பை இழக்கத் தொடங்கியதும் ஸ்டீயரிங் கையில் இலேசாகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் வந்து மூக்கு உள்ளே திரும்புகிறது, சற்று அதிகமாக எடுத்தால் வால் வெளியே போகிறது. ஃபோர்ஸாவிலும் இவை நடக்கின்றன, ஆனால் முதலில் கண்ணுக்குத் தெரிந்து அதன் பிறகே கைக்குத் தெரிகின்றன. ஸ்டீயரிங் இல்லாமல் கன்ட்ரோலரில் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. கன்ட்ரோலரில் ஃபோர்ஸா மிக இயல்பாக ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரின் பிரேக் பொத்தான் விரலுக்குக் கெட்டிப்படுவது கிரான் டுரிஸ்மோவுக்குக் கிடைத்த தனி வசதி.

லாரி ஓட்டும் என் சித்தப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இதில் உட்கார்ந்தார். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு இறங்கிப் பழகிய கால் அவருடையது. ஒரு லேப் முடிவதற்குள் நிறுத்திவிட்டு, "பிரேக்குல கால வச்சா வண்டி முன்னாடி குனியணும்ப்பா. இதுல படம் குனியுது, நான் குனியல" என்றார். "எந்தக் கேம்லயும் அது வராதுங்க சித்தப்பா" என்றேன். "அப்ப பெடலாவது கெட்டியா இருக்கணும்ல. இது எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றார். எத்தனையோ காணொளிகளில் கிடைக்காத விளக்கம் அதில் இருந்தது. நிஜக் காரில் பிரேக்கை நாம் அழுத்தும் விசையால் உணர்கிறோம். விலை குறைந்த பெடல்கள் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டும் அளக்கின்றன. லோடு செல் என்ற வகைப் பெடல்கள்தான் விசையை அளக்கின்றன. அதனால் எந்த விளையாட்டு நிஜமானது என்று கேட்கிறவர்களிடம், எந்தப் பெடலில் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கையில் மிச்சம் பணம் இருந்தால் ஸ்டீயரிங்கை மாற்றுவதைவிடப் பெடலை மாற்றுவதில் பலன் அதிகம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி உருவாக்கிய அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே இரண்டு கன்சோல்களிலும் கிடைக்கிறது. பழைய கன்சோல்களில் 30 பிரேமில் ஓடிய அதற்கு, பிளேஸ்டேஷன் 5-க்கும் சீரிஸ் வகைக்குமான பதிப்பு 2022 பிப்ரவரியில் வந்தது, அதையே வாங்குங்கள். கார் வகை குறைவு, பெரும்பாலும் ஜிடி3 வகுப்பு, அதாவது சாலைக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்தவை. படம் மற்ற இரண்டைவிட மங்கல்தான். ஆனால் லேசர் கொண்டு அளந்து உருவாக்கிய அதே ஸ்பா தடத்தில் ஓ ரூஜ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சாலையின் ஒவ்வொரு மேடும் ஸ்டீயரிங்கில் வந்து தட்டுகிறது. நிஜம் மட்டுமே வேண்டும், கார்களைச் சேர்ப்பதில் ஆசை இல்லை என்பவர்களுக்கு என் பரிந்துரை அதுவே. நான் மட்டும் கிரான் டுரிஸ்மோவில் நிலைத்துவிட்டேன். அந்த மாலை வெளிச்சத்தை விட மனம் வரவில்லை.

ஸ்டீயரிங் வாங்குகிறவர்கள் அதை மாட்டுவதற்கான இடத்தையும் சேர்த்தே யோசியுங்கள். சாப்பாட்டு மேசையில் மாட்டினால் எதிர்விசையில் மேசையே ஆடும், பெடல் தரையில் வழுக்கிப் பின்னால் போகும். ஆயத்தமாக விற்கும் தாங்கிகள் விலை அதிகம் என்பதால், கிருஷ்ணகிரியில் கேட் செய்யும் வெல்டிங் பட்டறை ஒன்றில் சதுரக் குழாயில் செய்யச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் உயரத்தை அளந்து, ஸ்டீயரிங் அடியில் தொடை தட்டாதபடி உயரத்தை வையுங்கள்; பெடல் பலகையைத் தாங்கியோடு சேர்த்தே பற்றவைக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்டீயரிங்கை வாங்கும்போது, மின்சாரம் கொடுத்ததும் அது தானாக இரு பக்கமும் சுழன்று நடுவில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு விளையாட்டுக்குள் பிரேக் அளவைக் காட்டும் பட்டையைத் திரையில் வரவழைத்து, பெடலை மெதுவாக முழுவதும் அழுத்தி மெதுவாக விடுங்கள். பட்டை தடையின்றி ஏறி இறங்கினால் சரி. நடுவில் துள்ளினால் பெடலுக்குள் அளவு காட்டும் பாகத்தில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள்.